வீட்டில் அச்சடித்த உயில் கோர்ட்டில் நிற்குமா? காகிதத்தை விட சாட்சிதான் முக்கியம்!

சென்னை ஐகோர்ட்டுக்கு எதிர்ப்புறம், தம்புச்செட்டி தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. மாலை 5 மணி. வக்கீல் குமாஸ்தாக்கள் கட்டுக்கட்டாகக் காகிதங்களை வைத்துக்கொண்டு முண்டியடித்துக் கொண்டிருந்தார்கள். அந்த நெரிசலுக்குள் 70 வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் நுழைந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் 3 தாள்கள்.

"தம்பி, இது என் உயில். பேரன் வீட்டுக் கம்ப்யூட்டர்லே அடிச்சு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். இதை அப்படியே பத்திரத் தாளிலே ஏத்தித் தரணும். எத்தனை ரூபா பத்திரம் வேணும்?" என்று கேட்டார்.

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உயிலுக்குப் பத்திரமே வேணாம் சார். வெள்ளைத் தாளே போதும்" என்றார்.

பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆயுள் முழுக்க உழைத்துக் கட்டிய வீட்டை வெறும் வெள்ளைத் தாளில் எழுதி வைக்க முடியுமா? முத்திரை இல்லாத காகிதத்தை கோர்ட்டு மதிக்குமா?

மதிக்கும். கடைக்காரர் சொன்னது சரிதான். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. இன்ன தாளில், இன்ன மொழியில், இன்ன வாசகத்தில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. பேனாவால் எழுதலாம். டைப் அடிக்கலாம். வீட்டுப் பிரிண்டரிலும் எடுக்கலாம். வக்கீல்தான் எழுத வேண்டும் என்றுகூட சட்டத்தில் இல்லை.

ஆனால் பெரியவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. அதை அவர் கேட்கவே இல்லை. 3-வது தாளின் அடியில் "சாட்சிகள்: 1, 2" என்று அச்சாகி, எதிரே இடம் காலியாக இருந்தது. கோர்ட்டில் உயிலுக்கு உயிர் கொடுப்பதும், உயிரை எடுப்பதும் அந்தக் காலி இடம்தான்.

63-வது பிரிவு

இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ம் ஆண்டு வந்தது. அதன் 63-வது பிரிவு உயில் எழுதும் முறையைச் சொல்கிறது. எழுதுகிறவர் உயிலில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். குறைந்தது 2 சாட்சிகள் வேண்டும். எழுதியவர் கையெழுத்துப் போடுவதை ஒவ்வொரு சாட்சியும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், "இது நான் போட்ட கையெழுத்துதான்" என்று எழுதியவரே அந்தச் சாட்சியிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். பிறகு சாட்சியும் எழுதியவரின் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும்.

2 சாட்சிகளும் ஒரே நேரத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் கேட்கவில்லை. ஆனாலும் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைப்பதே நல்லது. ஏன் என்று பிறகு தெரியும்.

உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. மேல் பாகத்தை மறைத்துவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டினாலும் போதும். "யாருக்கு என்ன கொடுக்கிறேன்னு ஊருக்கே தெரிஞ்சிடுமே" என்று பயந்து, உயில் எழுதாமலே காலத்தைக் கடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

போர்முனையில் இருக்கும் ராணுவ வீரர்களுக்கு இந்த விதிகளில் சலுகை உண்டு. பெரம்பூரிலும் சைதாப்பேட்டையிலும் இருக்கிற நமக்கு இல்லை. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம். அது வேறு கதை.

பெரம்பூர் வீடு

ஒரு உதாரணம் பார்ப்போம். ரிட்டயர் ஆன ஒரு குமாஸ்தா. பெரம்பூரில் சொந்த வீடு. மனைவி காலமாகிவிட்டார். 2 மகன்கள் வெளியூரில். கணவனை இழந்த மகள்தான் உடன் இருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ப் பார்த்துக்கொள்கிறாள். "வீடு மகளுக்கே" என்று குமாஸ்தா உயில் எழுதி, வீட்டிலேயே அச்சடித்து, படுக்கையில் உட்கார்ந்தபடி கையெழுத்துப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நடப்பதுதான் வினை. மகள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடி வீட்டுக்குப் போகிறாள். "அண்ணே, அப்பா கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னார்." மாடி வீட்டுக்காரர் நல்ல மனிதர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் போட்டுவிடுகிறார். பிறகு அடுத்த தெரு மளிகைக் கடை. அங்கேயும் ஒரு கையெழுத்து.

சில வருடம் கழித்து குமாஸ்தா காலமாகிறார். மகன்கள் ஆட்சேபம் செய்கிறார்கள். மாடி வீட்டுக்காரர் கூண்டில் ஏறுகிறார். குறுக்கு விசாரணையில் வரும் கேள்வி இரண்டே.

"அவர் கையெழுத்துப் போடுவதை நீங்கள் பார்த்தீர்களா?"

"இல்லை. அந்தப் பொண்ணுதான் கொண்டு வந்து கொடுத்தது."

"நீங்கள் போடும்போது அவர் எதிரில் இருந்தாரா?"

"அவர் கீழே இருந்தார். நான் மாடியிலே..."

தீர்ந்தது. உயில் உண்மையானது. கையெழுத்து உண்மையானது. அப்பாவின் விருப்பமும் உண்மையானது. ஆனாலும் உயில் விழுந்துவிடும். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி 3 பிள்ளைகளுக்கும் சம பங்கு. மகன்கள் பாகப்பிரிவினை கேட்டால், மகள் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு வாடகை வீடு தேட வேண்டியதுதான். இத்தனைக்கும் காரணம், மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவில் இருந்த படிக்கட்டு!

கூண்டில் ஏறுவது யார்?

உயிலின் உண்மையை கோர்ட்டு ஊர்ஜிதம் செய்து கொடுக்கும் சான்றுக்குப் பெயர் புரோபேட். இதற்கான மனுவிலேயே உயிலின் சாட்சிகளில் ஒருவர், கிடைக்கக்கூடியவராக இருந்தால், கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது 281-வது பிரிவு. "நான் அங்கே இருந்தேன், அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன்" என்று அவர் உறுதி சொல்ல வேண்டும். வழக்கின் முதல் படியிலேயே சாட்சி வந்து நிற்கிறார்.

வாரிசுகளில் ஒருவர் ஆட்சேபித்தால் மனு ஒரு சிவில் வழக்காகவே மாறிவிடும். அப்போது சாட்சி உயிரோடு இருந்து, வரக்கூடிய நிலையில் இருந்தால், ஒருவரையாவது விசாரித்தே ஆக வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 68-வது பிரிவு இதைத்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் இது 67-வது பிரிவு. நம்பர் மாறியது, விஷயம் மாறவில்லை.

ஒருவர் வந்தாலே போதுமா என்றால், அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2002-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த ஒரு வழக்கில் ஒரு சாட்சியை மட்டும் கூண்டில் ஏற்றினார்கள். தன் கையெழுத்தைப் பற்றி அவர் சொன்னார். இன்னொரு சாட்சி முறைப்படி போட்டாரா என்பதை அவரால் நிரூபிக்க முடியவில்லை. அந்த இன்னொருவர் உயிரோடு இருந்தும் அழைக்கப்படவில்லை. உயில் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. வருகிற ஒருவர் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வையுங்கள் என்று முன்னே சொன்னது இதற்காகத்தான்.

2 சாட்சிகளும் இறந்து போயிருந்தால் உயிலுக்கு வழி இல்லாமல் போகாது. ஒரு சாட்சியின் கையெழுத்தையாவது, எழுதியவரின் கையெழுத்தோடு சேர்த்து, தெரிந்தவர்களை வைத்து நிரூபிக்க வேண்டும். செய்யக்கூடியதுதான். ஆனால் செத்துப் போனவரின் பழைய கையெழுத்தைத் தேடி பீரோ பீரோவாக அலைய வேண்டும்.

டாக்டரின் டைப்ரைட்டர்

காகிதத்தை நம்பாமல் சட்டம் ஏன் இப்படி மனிதர்களைத் தேடுகிறது? இங்கிலாந்தை உலுக்கிய ஒரு கொலை வழக்கே பதில் சொல்லும்.

மான்செஸ்டர் அருகே ஹைட் என்று ஒரு ஊர். அந்த ஊரின் முன்னாள் மேயரான 81 வயது மூதாட்டி 1998 ஜூன் மாதம் திடீரென்று இறந்தார். கொஞ்ச நாளில் ஒரு உயில் வெளியே வந்தது. டைப் அடித்த உயில். 3 லட்சத்து 86 ஆயிரம் பவுன் அளவுக்கு இருந்த சொத்து குடும்ப டாக்டருக்கு! மகளுக்கு எதுவும் இல்லை.

மகள் ஒரு வக்கீல். காகிதத்தைப் பார்த்ததுமே சந்தேகம். அம்மா ஒழுங்கும் சுத்தமும் பார்ப்பவர். அவர் இப்படிக் கோணல்மாணலாக டைப் அடித்த காகிதத்தில் கையெழுத்துப் போடுவாரா? உயிலில் பெயர் இருந்த 2 சாட்சிகளைத் தேடிப் பிடித்தார்கள். இருவரும் அந்த டாக்டரின் கிளினிக்குக்கு வைத்தியம் பார்க்க வந்து காத்திருந்தவர்கள். டாக்டர் உள்ளே கூப்பிட்டு மடித்த காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார். அது உயில் என்றே அவர்களுக்குத் தெரியாது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. புதைத்த உடலைத் தோண்டி எடுத்தார்கள். மார்பின் இருந்தது. உயில் காகிதத்தில் டாக்டரின் கைரேகை. டைப்ரைட்டரும் டாக்டரிடமே பிடிபட்டது. டாக்டரின் பெயர் ஹரால்டு ஷிப்மன். 15 நோயாளிகளைக் கொன்றதாகவும், உயிலைப் போலியாகத் தயாரித்ததாகவும் 2000-ம் ஆண்டு ஜனவரியில் ஆயுள் தண்டனை. அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று 2002-ல் விசாரணைக் கமிஷன் சொன்னது. 2004-ல் ஜெயிலிலேயே தூக்குப் போட்டுக்கொண்டார். அத்தனை கொலையும் வெளியே வரக் காரணம் ஒரு மோசமான டைப் உயில்.

அச்சில் இருக்கும் ஆபத்து

கையால் எழுதிய உயிலில் ஒவ்வொரு எழுத்தும் எழுதியவரைக் காட்டிக் கொடுக்கும். அச்சடித்த உயிலில் அவருடையது என்று இருப்பது கையெழுத்து மட்டும். கை நடுங்காதவர்கள் பேனாவாலேயே எழுதிவிடலாம். அதற்கு கோர்ட்டில் கூடுதல் மதிப்பு உண்டு. 2 சாட்சி மட்டும் அதற்கும் வேண்டும்.

அச்சடித்துதான் ஆக வேண்டும் என்றால், நடுத் தாளை உருவிவிட்டு வேறு தாளைச் செருக முடியாதபடி செய்ய வேண்டும். எல்லாப் பக்கத்திலும் அடியில் கையெழுத்து. பக்க எண். கடைசியில் "இந்த உயில் 3 பக்கங்கள் கொண்டது" என்று ஒரு வரி. கையெழுத்து மட்டும் தனியாக ஒரு தாளில் போய் விழக்கூடாது. அப்படி விழுந்தால், அது எந்தக் காகிதத்தின் வால் என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்பார்.

தேதியை அச்சடிக்காமல், கையெழுத்துப் போடும் அன்று கையாலேயே எழுதுவது உத்தமம். பாகிஸ்தானில் நவாஸ் ஷெரீப் குடும்பச் சொத்து விவகாரத்தில் 2006-ம் வருடத் தேதியிட்ட ஒரு பத்திரம் 'கலிப்ரி' என்ற எழுத்தில் அச்சாகியிருந்தது. அந்த எழுத்து 2007-ல்தான் பொது உபயோகத்துக்கு வந்தது என்று 2017-ல் நிபுணர் ஒருவர் கிளப்பிவிட, நாடே அமளிப்பட்டது. குடும்பம் மறுத்தது, ஷெரீப்பின் மகளுக்கு 2022-ல் விடுதலையும் கிடைத்தது. ஆனாலும் பிரிண்டர் எழுத்தும் ஒரு நாள் கூண்டில் ஏறும் என்பதை அந்த வழக்கு காட்டிவிட்டது.

கையெழுத்துப் போட்ட பிறகு வெள்ளை மை தடவித் திருத்துவது, ஓரத்தில் ஒரு பெயரைச் செருகுவது எல்லாம் வீண். 71-வது பிரிவுப்படி, திருத்திய இடத்தின் அருகே எழுதியவரும் சாட்சிகளும் மறுபடி கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய அந்தத் திருத்தத்துக்கு மதிப்பு கிடையாது. அதற்குப் புதிதாக ஒரு பிரிண்ட் எடுப்பதே சுலபம். வீட்டுப் பிரிண்டரின் சவுகரியம் அதுதானே! கம்ப்யூட்டரில் இருக்கும் பிரதியும், பேரனின் வாட்ஸ்அப்பில் கிடக்கும் படமும் உயில் ஆகாது. மையால் கையெழுத்துப் போட்ட அசல்தான் உயில்.

அடித்துக் கொடுத்தது யார்?

தம்புச்செட்டி தெரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வீடு மூத்த மகனுக்கு. இளைய மகன் கோவையில். அவருக்குக் கொஞ்சம் ரொக்கம். உயிலை அடித்துக் கொடுத்த பேரன், மூத்த மகனின் பையன்!

இது இடறும் இடம். 1958-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பை உயில் வழக்கு நடத்தும் வக்கீல்கள் இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறார்கள். சொத்தை அடைகிறவரே உயிலைத் தயாரிப்பதில் முன்னால் நின்றிருந்தால் அது சந்தேகத்துக்கு இடம் தரும். கோணலான கையெழுத்து, தெளிவில்லாத மனநிலை, காரணம் இல்லாமல் ஒரு பிள்ளையை ஒதுக்குவது, இவையும் அப்படியே. அந்தச் சந்தேகத்தைப் போக்க வேண்டிய பொறுப்பு உயிலைக் கொண்டு வருகிறவர் தலையில்.

ஆகவே வெளி ஆளை வைத்து அடிப்பது நல்லது. ஒரு பிள்ளைக்குக் குறைவாகக் கொடுத்தால், ஏன் என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். "இளையவனின் படிப்புக்கும் வீட்டுக்கும் முன்பே செலவு செய்துவிட்டேன்" என்பது போல. திட்டி எழுத வேண்டாம். வயதானவர்கள் அன்றைய தேதியில் டாக்டர் சர்டிபிகேட் ஒன்று வாங்கி வைப்பதும் உண்டு. சட்டம் அதைக் கேட்கவில்லை. எதிர்த் தரப்பின் வாயை அடைக்கும்.

நிறைவேற்றுபவர் என்று ஒருவரின் பெயரையும் எழுத வேண்டும். புரோபேட் அவருக்குத்தான் கிடைக்கும். பெயர் இல்லாவிட்டால், உயில் இணைத்த நிர்வாக உத்தரவு என்று வேறு மனு போட வேண்டும்.

ரிஜிஸ்தர் செய்தால்?

"எதுக்கு வம்பு, ரிஜிஸ்தர் பண்ணிடலாமே" என்று பலர் சொல்கிறார்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. செய்தால் நல்லது. தொலைந்தால் நகல் கிடைக்கும். ஆபீசில் போட்டோவும் கைரேகையும் பதிவாகும். ஆனால் பதிவு செய்த உயில் என்பதற்காக கோர்ட்டு கண்ணை மூடிக்கொள்ளாது. அதற்கும் சாட்சி வேண்டும். சார்பதிவாளரின் கையெழுத்தும் எழுத்தரின் கையெழுத்தும் தானாகவே சாட்சிக் கையெழுத்து ஆகிவிடாது என்று 1969-ல் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது. சாட்சியாக இருக்கும் எண்ணத்தோடு போட்டிருந்தால்தான் கணக்கு.

கட்டாயம் நீங்கியது

சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும், நகரில் இருக்கும் வீடு, மனையைப் பற்றிய உயிலுக்கும் இந்துக்கள் புரோபேட் வாங்கியே ஆக வேண்டும் என்று 213-வது பிரிவு இருந்தது. செங்கல்பட்டுக்காரருக்கு இல்லாத தொல்லை சிந்தாதிரிப்பேட்டைக்காரருக்கு! 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது.

அதனால் சாட்சி வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. 63-வது பிரிவு அப்படியே இருக்கிறது. அண்ணன் தம்பி தகராறு வந்தால், எந்த கோர்ட்டானாலும் உயிலை நிரூபிக்கத்தான் வேண்டும்.

"யாரைப் போடறது?"

பெரியவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எதிர் வீட்டு சிநேகிதரையும் என் மருமகளையும் போடலாம்னு இருந்தேன்" என்றார்.

சிநேகிதருக்கு வயது 76. மருமகள், வீட்டை அடையப்போகும் மூத்த மகனின் மனைவி. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால், சாட்சிக்கோ, சாட்சியின் கணவன் மனைவிக்கோ கொடுத்த சொத்து 67-வது பிரிவுப்படி செல்லாமலே போகும். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு கிடையாது. ஆனாலும் சொத்து வரும் வீட்டிலிருந்தே சாட்சி என்றால், குறுக்கு விசாரணையில் வக்கீல் விடுவாரா?

"அப்ப யாரைத்தான் போடறது தம்பி?"

"உங்களை விட 20 வயசாவது சின்னவங்களா, சொந்த ஊர், சொந்த வீடுன்னு நிலையா இருக்கிறவங்களா பாருங்க ஐயா. சொத்திலே பங்கு இருக்கக்கூடாது. கோர்ட்டுன்னா பயந்து ஓடறவங்க வேணாம்" என்றேன்.

சற்று நேரம் யோசித்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நம்பரைத் தேடினார். பழைய ஆபீஸ் நண்பரின் மகனாம், ஸ்கூல் வாத்தியார். "டேய், ஞாயித்துக்கிழமை காலையிலே வீட்டுக்கு வர்றியா? ஒரு கையெழுத்து. உன் சிநேகிதன் ஒருத்தனையும் கூட்டிட்டு வா. காபி சாப்பிட்டுப் போகலாம்."

போனை வைத்தார். பேரன் அடித்த 3 தாள்களையும் நான்காகக் கிழித்துக் கடைக்காரரின் குப்பைக்கூடையில் போட்டார்.

"புதுசா டைப் பண்ண என்ன ஆகும்பா?" என்று கேட்டுவிட்டு வரிசையில் நின்றார்.